பிறைப் பூச்சிக்குப் பெயர் வைத்த ஆசிரியர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பூச்சியில் தொடங்கி எங்கேயோ போய் மறுபடியும் பேராதனைக்கு வரும். ப்ளேன்டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வருஷக் கடைசியில் மழை விடாமல் பெய்த ஒரு கிழமை. எங்கள் பாடசாலைத் தாழ்வாரத்தில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரியும். காலையில் வந்து பார்த்தால் அதற்குக் கீழே சுவர் நிறைய அந்துப்பூச்சிகள். வழமையாகக் காவலாளி தும்புத்தடியால் தட்டிவிடுவார், கதை முடிந்துவிடும். அன்றைக்குத் தரம் 10 பிள்ளை ஒருவன் தட்ட விடாமல் மறித்து, ஒரு பூச்சியைப் போனில் படம் எடுத்தான். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது இருக்கின்றன அல்லவா, அதில் போட்டான். "அஸ்கோட்டிஸ் செலனாரியா" என்று பதில் வந்தது. கூடவே ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று.

நாங்கள் சிரித்தோம். "கண்டியில எங்கடா ஐரோப்பாப் பூச்சி? போனுக்கும் தடிமன் போல" என்று சொன்னது எங்களில் ஒருவர்தான். அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டோம். ஆனால் பின்னேரமாகும்போது படம் பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. "வெளிநாட்டுப் பூச்சி பள்ளிக்கூடத்துல பரவுது, மருந்து அடிக்க வேணும்" என்று ஒருவர். "இறக்கைத் தூள் கண்ணுல பட்டா கண் போயிரும்" என்று இன்னொருவர். இஷாவுக்குப் பிறகு தொலைபேசி அழைப்புகள். அடுத்த நாள் மருந்துப் போத்தலும் வந்துவிட்டது. அடிப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது. அந்த இரண்டு நாளில் தேடத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு. தேடல் இரண்டு நாளில் முடியவில்லை என்பது வேறு கதை.

முதலில் பூச்சியைச் சொல்லிவிடுகிறோம். இறக்கையை விரித்தால் நாலு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. சாம்பல் பூசிய வெள்ளை, மேலே கறுப்புப் பொடி தூவியது மாதிரி. சுவரில் நான்கு இறக்கைகளையும் தட்டையாக விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இறக்கையின் நடுவிலும் கருங்கோடு போட்ட சின்னப் பிறை ஒன்று. நான்கு இறக்கை, நான்கு பிறை. வருஷத்துக்கு இரண்டு தடவை பிறை பார்க்கவென்றே மேட்டில் ஏறி நின்று கழுத்து வலிக்க வானத்தைப் பார்க்கும் எங்களுக்கு, கண் மட்டத்தில் சுவரில் இருந்த பிறை இத்தனை வருஷமாகப் படவில்லை.

இது சேர்ந்த குடும்பத்துக்கு ஜியோமெட்ரிடே என்று பெயர். உலகம் முழுவதும் சுமார் 23,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். கிரேக்கத்தில் நிலத்தை அளப்பவன் என்று பொருள். கேத்திரகணிதத்தின் ஆங்கிலப் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். காரணம் பூச்சியல்ல, அதன் புழு. முன்பக்கம் மூன்று சோடிக் கால், வால்பக்கம் இரண்டு சோடி, நடுவில் ஒன்றுமே இல்லை. அதனால் வாலை இழுத்துத் தலையோடு சேர்த்து, முதுகை வளையம் போல உயர்த்தி, பிறகு நீட்டி, சாண் போட்டுச் சாண் போட்டு நகரும். எலுமிச்சை, தேயிலை, ஆமணக்கு என்று எந்தச் செடியிலும் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் விறைத்து ஒரு காய்ந்த குச்சி மாதிரி நிற்கும். குச்சி என்று நினைத்து விட்டுவிடுவோம்.

1758இல் சுவீடனின் லின்னேயஸ் இவற்றுக்கு நிலமளப்பான் என்று பெயர் வைத்தபோது ஒரு ஒழுங்கும் போட்டார். உணர்கொம்பு சீப்பு மாதிரி இருந்தால் பெயர் "ஆரியா" என்று முடிய வேண்டும், நூல் மாதிரி இருந்தால் "ஆட்டா" என்று முடிய வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. ஆனாலும் பெயரின் வால் இன்றுவரை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

சரி, செலனாரியா என்று வைத்தது யார்? இங்கேதான் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் தெரேசியானும் என்றொரு பள்ளிக்கூடம். மரியா தெரேசா மகாராணி 1746இல் பிரபுக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அங்கே படிப்பித்த இரண்டு ஆசிரியர்கள், மிக்கேல் டெனிஸ், இக்னாஸ் ஷிஃபர்மியுல்லர். இருவரும் பாதிரிமார். வியன்னாவைச் சுற்றியுள்ள வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் சேர்த்து, பூச்சியை மட்டுமல்லாமல் புழுவையும் பார்த்து வகை பிரித்து, 1775இல் ஒரு புத்தகம் போட்டார்கள். அதன் முன்பக்கத்தில் அவர்களுடைய பெயர் இல்லை. தெரேசியானும் பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் வெளியிடுவது என்றுதான் இருக்கிறது. "நாங்கள்" என்று எழுதும் பழக்கம் எங்கள் தொழிலில் பழையது போலும்! இறக்கையில் பிறை இருந்ததைப் பார்த்து, கிரேக்கத்தில் நிலவைக் குறிக்கும் செலீனி என்ற சொல்லை எடுத்து, லின்னேயஸின் வாலைச் சேர்த்து, செலனாரியா என்று வைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கண்டதை எழுதி வைத்த இரண்டு வாத்தியார்கள் தந்த பெயர்தான், இருநூற்றைம்பது வருஷம் கழித்து எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பிள்ளையின் போனில் வந்து நின்றது.

அந்த இருவரும் சேர்த்த பூச்சிகள் பிறகு வியன்னா அரண்மனைக்குப் போயின. 1848இல் நடந்த கிளர்ச்சியின்போது அரண்மனையில் தீப்பிடித்து எல்லாம் எரிந்து போயின. அந்த 1848ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். அதே வருஷம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், வெள்ளையில் கறுப்புப் பொட்டு வைத்த பிஸ்டன் பெட்டுலாரியா என்ற அந்துப்பூச்சி, முழுக் கறுப்பாக முதன்முதல் பிடிபட்டது. தொழிற்சாலைப் புகை மரங்களைக் கறுப்பாக்க, வெள்ளைப் பூச்சிகளைப் பறவைகள் கண்டு தின்ன, கறுப்பு பெருகியது. 1895 அளவில் மான்செஸ்டரில் நூற்றுக்கு 98 கறுப்பு. இயற்கைத் தேர்வு பாடத்தில் கரும்பலகையில் நாங்கள் வருஷா வருஷம் வரையும் பூச்சி அதுதான். அதுவும் இந்தச் சாண் போடும் குடும்பம். அதே 1848இல்தான் இங்கே மாத்தளைக் கிளர்ச்சி நடந்தது, பூரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் மான்செஸ்டர் பூச்சியின் ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம், வியன்னாவில் எரிந்ததையும் எங்கள் சுவரில் இருப்பதையும் பற்றி ஒரு வரி கிடையாது என்பது எங்களுக்கு உறுத்தியது.

இலங்கைப் பூச்சிகளுக்குப் பெயர் வந்த கதையில் முதல் ஆள் ரொபர்ட் டெம்பிள்டன். படையணியோடு இங்கே வந்த ஐரிஷ் வைத்தியர். அவர் சேர்த்தவை லண்டன் பிரித்தானிய நூதனசாலைக்குப் போயின. அங்கே ஃபிரான்சிஸ் வாக்கர் என்பவர் உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டிருந்தார். 1854 முதல் 1866 வரை அவர் எழுதிய அந்துப்பூச்சிப் பட்டியல் மட்டும் 35 பாகங்கள். எழுதிய வேகத்தில் ஒரே பூச்சிக்கு இரண்டு மூன்று பெயர் வைத்த சந்தர்ப்பங்களும் உண்டு, பின்னால் வந்தவர்கள் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எங்கள் பிறைப் பூச்சியின் ஆசிய வடிவத்துக்கு 1860இல் "இம்பராட்டா" என்று வைத்தது அவர்தான். ஆபிரிக்க வடிவத்துக்கும் அதே வருஷம் இன்னொரு பெயர் வைத்தார்.

அதன் பிறகு வருவது பேராதனை. இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

1849இல் ஜோர்ஜ் துவெயிற்ஸ் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் பொறுப்பாக வந்தார். பிரிஸ்டல் நகரில் கணக்காளராக இருந்து தாவரவியலுக்கு மாறியவர். வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. முப்பது வருஷம் பூங்காவை நடத்தினார், ஓய்வு பெற்ற பிறகும் கண்டியிலேயே இருந்து 1882இல் இங்கேயே காலமானார். அவருடைய தொழில் செடி. ஆனால் செடியைப் பார்ப்பவன் புழுவைப் பார்க்காமல் இருக்க முடியாதே. புழுவைப் பிடித்து, அது தின்னும் இலையைக் கொடுத்து வளர்த்து, கூட்டுப்புழுவாகிப் பூச்சி வெளியே வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நிலையையும் வரையச் செய்தார்.

வரைந்தவர்கள் யார்? டி அல்விஸ் குடும்பம். தகப்பன் ஹார்மனிஸ் டி அல்விஸ் செனவிரத்ன, 38 வருஷம் பூங்காவின் ஓவியர், முகாந்திரம் பட்டம் பெற்றவர். பிறகு பிள்ளைகள் வில்லியமும் ஜோர்ஜும். பூச்சிப் படங்கள் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளின் கைவேலை. புழு உயிரோடு இருக்கும்போதே வரைய வேண்டும், செத்தால் நிறம் போய்விடும். கெமரா இல்லாத காலம். குச்சி மாதிரி விறைத்து நிற்கும் ஒரு புழுவின் மேல்தோலில் பாசி நிறம் எங்கே முடிகிறது, மரப்பட்டை நிறம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தூரிகை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படங்கள் லண்டனுக்குப் போயின. ஃபிரெடரிக் மூர் என்பவர் அவற்றை வைத்து "இலங்கையின் லெப்பிடொப்டெரா" என்ற புத்தகத்தை இலங்கை அரசாங்கத்தின் ஆதரவோடு 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார். வண்ணப் படத்தாள்கள் மட்டும் 215. மூன்றும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் குடும்பப் பூச்சிகள், அதாவது நிலமளப்பான்கள், மூன்றாம் பாகத்தில் வருகின்றன. அந்தப் பாகம் 1884இல்தான் வெளிவரத் தொடங்கியது. துவெயிற்ஸ் அதைப் பார்க்கவில்லை.

பாடசாலையின் ஸ்மார்ட் போர்டில் அந்தப் படத்தாள்களைப் போட்டுக் காட்டினோம். பத்து நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி வாங்கில் இருக்கும் ஒருவன் (வழமையாக எங்களைப் படாதபாடு படுத்துகிறவன்) எழும்பிக் கேட்டான்: "சேர், கீறினது பேராதனை ஆக்கள். புத்தகத்துல மூர் என்டு மட்டும் ஏன் போட்டிருக்கு?"

நாங்கள் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை, எங்களுக்கும் போதவில்லை. நூலாசிரியர் என்று மூரின் பெயர் வருவது நியாயம், பெயர்களையும் விவரங்களையும் எழுதியது அவர். ஆனால் ஒரு பூச்சியை அடையாளம் காண அந்தப் புத்தகத்தைத் திறக்கும் எவரும் முதலில் பார்ப்பது படத்தைத்தான். பூச்சியியலில் எந்த இனத்துக்கும் பின்னால் பெயர் வைத்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும், வாக்கர் 1860, மூர் 1887 என்று. வளர்த்தவருக்கும் வரைந்தவருக்கும் அப்படி ஒரு இடம் கிடையாது. அல்விஸ் பெயர் ஒரு உயிரினத்தில் இருக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தோம். 1873இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட, உக்கிய மரத்தில் வளரும் ஒரு சின்ன சளிப்பூஞ்சை இனத்தொகுதி, அல்விசியா. பூச்சி வரைந்த குடும்பத்துக்குப் பூஞ்சை கிடைத்தது!

மூருக்குப் பிறகு ஜோர்ஜ் ஹம்ப்ஸன். நீலகிரியில் தோட்டம் வைத்திருந்தவர், பிறகு லண்டனில் இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு பாகங்களாக 1892 முதல் 1896 வரை எழுதினார். 1893இல் இலங்கைக்கென்றே தனியாக ஒன்று. அதில் எங்களுக்குத் தெரிந்த ஊர் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: பூண்டுலோயா. அங்கே தோட்டத்தில் இருந்த எர்னஸ்ட் கிரீன் சேர்த்து அனுப்பியவை. கொழும்பில் பிறந்த இந்தக் கிரீன்தான் பிறகு பேராதனையில் அரசாங்கப் பூச்சியியலாளரானார். 1890லேயே தேயிலைச் செடியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் பூண்டுலோயாப் பக்கம் கடை வைத்திருந்தவர்கள். அந்த ஊர்ப் பெயரை லண்டன் புத்தகத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆனாலும் தேயிலையில் புழுவை எல்லோருக்கும் முதலில் காண்பது கொழுந்து பறிக்கும் பெண்கள். அவர்களுடைய கண் எந்தப் பாகத்திலும் இல்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இது ஐரோப்பாப் பூச்சியா, எங்கள் பூச்சியா?

ஹம்ப்ஸன் வாக்கரின் இம்பராட்டாவைத் தனியாக வைக்காமல் வியன்னாவின் செலனாரியாவோடு சேர்த்துவிட்டார். பின்னால் வந்தவர்களில் சிலர் அதை ஒரு துணையினம் என்றார்கள், சிலர் தனி இனம் என்கிறார்கள். சுவரில் இருக்கும் பூச்சியைப் படம் எடுத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இந்தக் குடும்பத்தில் ஒன்றுபோலத் தெரியும் இனங்களை வயிற்றின் நுனியைத் திறந்து நுண்காட்டியில் பார்த்தோ, மரபணுவின் ஒரு துண்டை ஒப்பிட்டோதான் பிரிப்பார்கள். அதெல்லாம் அனுமதியோடு ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டிய வேலை, தாழ்வாரத்தில் செய்வதல்ல.

ஆனால் ஒன்று நிச்சயம். ஐரோப்பாவின் நடுப்பகுதி, தென்பகுதி தொடங்கி ஆபிரிக்கா, இந்தியா, இலங்கை, ஜப்பான் வரை இந்தப் பிறை இறக்கைகள் பறக்கின்றன. வியன்னாவிலிருந்து யாரும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து இங்கே விடவில்லை. ஐரோப்பாவில் முதலில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். செயலி சொன்ன பெயர் கிட்டத்தட்டச் சரி. காட்டிய வரைபடம்தான் பாதி. எங்களைப் போலவே அதுவும் பாதி தெரிந்துகொண்டு பேசியிருக்கிறது.

"பெயர் வெளிநாடு என்டா பூச்சியும் வெளிநாடுதானே" என்று குழுவில் மறுபடியும் ஒருவர் கேட்டார். எங்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் அரபு, ஊரோ அக்குறணை, மடவளை, கல்ஹின்னை. டி அல்விஸ் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயர், ஆள் சிங்களவர். அந்தக் கேள்விக்கு இதைத்தான் எழுதினோம். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மருந்துப் போத்தலின் விஷயம். இந்தப் பூச்சியின் ஆபிரிக்க வடிவம் கென்யாவில் கோப்பியைத் தின்னும். அங்கே அது பெரிய தொல்லையானது, மற்றப் பூச்சிகளுக்கென்று கடும் மருந்து அடித்து, இந்தப் புழுவைத் தின்று கட்டுப்படுத்திய குளவிகளையும் சேர்த்துக் கொன்ற பிறகுதான். ஜப்பானில் தேயிலையைத் தின்னும், அங்கேயும் அதற்கு ஊர்ப்பெயர் இருக்கிறது, மாசிபத்திரிச் செடியோடு சேர்த்து அழைக்கிறார்கள். ஆகவே இதைத் தோட்டக்காரனுக்கு ஒன்றும் செய்யாத அப்பாவி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் தாழ்வாரச் சுவரில் இருப்பது கடிக்காது, கொட்டாது. விளக்கு இழுத்ததால் வந்திருக்கிறது. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கை ஒன்பது மணிக்கு அணைக்கச் சொன்னோம். அடுத்த நாள் சுவரில் கால்வாசிதான் இருந்தது.

டி அல்விஸ் குடும்பம் செய்ததைச் செய்து பார்க்கவும் ஆசை வந்தது. பாடசாலைத் தோட்டத்து எலுமிச்சையில் இரண்டு சாண்புழுக்கள். ஜாம் போத்தலில் மண் போட்டு, வாயில் துணி கட்டி, தினமும் புது இலை கொடுத்துப் பிள்ளைகள் வளர்த்தார்கள். காகிதத்தில் ஒவ்வொரு நாளும் கீறவும் சொன்னோம். முதல் நாள் படங்கள் பென்சிலுக்குக் கால் முளைத்த மாதிரி. ஆறாம் நாளில் ஒரு பிள்ளை வயிற்றின் இரண்டாம் கணுவில் இரண்டு சின்ன முடிச்சு இருப்பதைக் கண்டு கீறியிருந்தாள். நாங்கள் அதுவரை பார்க்கவில்லை. பிறைப் பூச்சியின் புழுவுக்கு அங்கே முடிச்சு உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம்.

அந்தப் புழு மண்ணுக்குள் போனது. நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலையில் போத்தலில் பூச்சி இல்லை, சின்னக் குளவி ஒன்று துணியில் முட்டிக்கொண்டிருந்தது. புழு உயிரோடு இருக்கும்போதே உள்ளே முட்டை வைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். மற்றப் புழுவிலிருந்து வந்தது கபில நிறத்தில் வேறொரு பூச்சி, ஒரு பிறையும் இல்லை. ஆக வளர்த்து நிரூபிக்கும் முயற்சி இரண்டுக்கும் பூச்சியம். அந்த முடிச்சுப் படத்தை மட்டும் திகதியோடு வகுப்பறையில் ஒட்டியிருக்கிறோம், கீறியவளின் பெயரைக் கீழே பெரிதாக எழுதி.

அடுத்த மழைக்காலத்துக்கு ஆயத்தமாகிறோம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை, ஹந்தானைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது வீட்டு விளக்கடியில் நான்கு பிறை உள்ள பூச்சியைக் கண்டால், தட்டிவிட முன்பு ஒரு படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் சேர்த்து அனுப்புங்கள். எலுமிச்சையில் சாண் போடும் புழு இருந்தால் அந்த இலையோடு சேர்த்துப் படம் எடுங்கள். உடவத்தகெல்லைப் பக்கம் போகிறவர்கள் அங்கிருந்து எதையும் பிடித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது சரணாலயம். வீட்டில் பிள்ளைகளுக்குக் கீறும் பழக்கம் இருந்தால் கீறின படமாகவே அனுப்பலாம். எங்களிடம் இப்போது மூன்று ஜாம் போத்தல்கள் காலியாக இருக்கின்றன.